பொருள் வரைதலும் கடல் காத்தலும்

உயிர்க்கொலைக்கு அஞ்சி ஒருவர் ஒரு பொருளைக் கைக்கொள்கிறார். அப்பொருளே பிற்காலத்தில் எண்ணிறந்த உயிர்களைக் கொல்லும் கருவியாகிவிடுகிறது. அக்கொலையில் அவருக்குப் பங்கு உண்டா? உண்டெனில், அப்பங்கிலிருந்து அவர் விடுபடும் வழி யாது? இது தருக்கம் வல்லார் மன்றத்தில் மட்டும் எழுப்பும் வினா அன்று. நம் இல்லங்களின் அடுக்களையில் நாள்தோறும் எழுந்து நிற்கும் வினா. பிளாஸ்டிக் எனப்படும் நெகிழிப் பொருளைக் குறித்தே இங்குச் சிந்திக்கப் புகுகின்றோம்.

நம் சமூகத்துப் பெரியோர் தோற்பொருளைத் தீண்டத் தயங்கியவர்கள். செருப்பானாலும் இடைவாரானாலும் பணப்பையானாலும், அதன் பின்னே ஓர் ஐயறிவுயிரின் மரணம் நிற்கிறது என்று எண்ணி விலக்கியவர்கள் பலர். ஆகவே ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் செருப்பும் பையும் கடைக்கு வந்தபோது நாம் அவற்றை மகிழ்ந்து வரவேற்றோம். கொல்லாமை விரதத்திற்குத் துணையாக அறிவியல் அளித்த கொடை என்றே கருதினோம்.

அக்கருத்து முற்றிலும் பிழையானதும் அன்று. 1860களின் இறுதியில் அமெரிக்காவில் ஹயாத் என்பவர் செல்லுலாய்டு என்னும் பொருளை உருவாக்க முனைந்தது, மேசைப் பந்தாட்டத்தில் உருளும் பந்துகளுக்கு யானைத் தந்தத்துக்கு மாற்றுத் தேடியே ஆகும். 1907இல் பேக்லாந்து என்பவர் கண்ட பேக்லைட், அரக்குப் பூச்சியிடமிருந்து பெறப்படும் அரக்குக்கு மாற்றாக எழுந்தது. 1938இல் உலகறியச் செய்யப்பட்ட நைலான், பட்டுப்புழுவைக் கொதிநீரில் இட்டுப் பெறும் பட்டு நூலின் இடத்தைப் பிடித்தது. யானையும் அரக்குப் பூச்சியும் பட்டுப்புழுவும் பிழைக்க ஒரு வழி பிறந்தது என்று எண்ணுவதற்கு அன்று காரணம் இருந்தது.

1970களில் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்ற புதிதில், செயற்கைப் பொருள்களைப் பற்றிய பாடத்தை நாம் வகுப்பில் நடத்தியதுண்டு. தந்தச் சீப்புக்கு மாற்று, தோல் பைக்கு மாற்று, பட்டுக்கு மாற்று என்று வரிசையாக எழுதி, முடிவில், ‘இவற்றால் எவ்வுயிருக்கும் தீங்கில்லை’ என்னும் வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டோம். பிள்ளைகள் அதனைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். அவர்களுள் பலர் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். அவ்வாக்கியத்தை அழித்து எழுத இப்போது நம்மிடம் கரும்பலகை இல்லை. இவ்விதழின் பக்கமே உள்ளது.

கடைமடை காட்டும் உண்மை

நாம் வாழும் பேராவூரணி காவிரிப் பாசனத்தின் கடைமடை. மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட 1934ஆம் ஆண்டு முதல் கல்லணைக் கால்வாயில் நீர் ஓடுகிறது. புது ஆறு என்று தஞ்சை மக்கள் வழங்கும் அக்கால்வாய், தஞ்சையைக் கடந்து, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பகுதிகளுக்கெல்லாம் நீர் வார்த்து, எஞ்சியதை எங்கள் ஏரிகளுக்கு அளிக்கிறது. ஜூன் 12ஆம் நாள் மேட்டூர் அணையைத் திறப்பது மரபு. அந்த நீர் கடைமடை வந்து சேர்வதற்குள் உழவர் கண் பூத்துப் போகும்.

இந்நாளில் வாய்க்காலில் புதுநீர் வரும்போது, நீருக்கு முன்னே நுரையும், நுரைக்கு முன்னே பிளாஸ்டிக் புட்டிகளும் பைகளும் வருகின்றன. மேல்மடையார் எறிந்தது கீழ்மடைக்கு வந்து சேர்கிறது. கீழ்மடையில் நாம் எறிந்ததும் அதனோடு கூடிக்கொள்கிறது. அதற்கப்பால் மடை இல்லை. இருப்பது கடலே.

அக்கடல் தொலைவில் இல்லை. சேதுபாவாசத்திரமும் மல்லிப்பட்டினமும் இரண்டாம் சரபோஜி மன்னர் எழுப்பிய மனோராவும் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் அடையக்கூடியவை. பாக் நீரிணையின் இப்பகுதி ஆழம் குறைந்தது; அடியில் கடற்புல் படர்ந்தது. அப்புல்லை மேய்ந்து வாழ்கிறது ஆவுளியா என்னும் கடற்பசு. யாருக்கும் தீங்கு செய்யாத தாவர உண்ணி அது. குட்டியீன்று பாலூட்டும் உயிர். மூச்சு வாங்க நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டிய உயிர். அறுந்து மிதக்கும் நைலான் வலையில் அது சிக்கினால் மேலே வர இயலாமல் மூச்சடைத்து இறக்கும். தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கரையோரக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை, நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நம் வாய்க்கால் சென்று சேரும் கடல் இதுவே.

இனி நம் குற்றம் ஒன்றைக் கூறியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நம் இல்லத்தில் ஒரு மங்கல நிகழ்ச்சி. கரந்தையிலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் உறவினர் வந்திருந்தனர். கதிரவன் மறையும் முன் பந்தி முடிய வேண்டும் என்பதில் கண்ணாயிருந்தோம். சமையலுக்கான நீரை இருமடித் துணியில் வடிகட்டினோம். வடிகட்டிய துணியைத் திருப்பி, எடுத்த கிணற்றிலேயே அலசிவிட்டோம். கண்ணுக்குத் தெரியாத நீர்வாழ் உயிரும் தன் இருப்பிடத்தை இழக்கலாகாது என்பதற்காக நம் பாட்டியார் கற்பித்த முறை அது. அதே பந்தியில், வாழையிலைக்கு அருகே ஆளுக்கொரு பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டியும் ஒரு பிளாஸ்டிக் குவளையும் வைத்தோம். எளிதாக இருந்தது. எவரும் குறை கூறவில்லை.

மறுநாள் காலை, வீடு துப்புரவு செய்ய வந்தவரிடம், நேற்றைய குப்பையை எங்கே போட்டீர் என்று கேட்டோம். வாய்க்கால் ஓரத்தில் கொட்டியதாகக் கூறினார். கடிந்துகொள்ள வாயெடுத்தோம். அவர் சினவாமல் நம்மைப் பார்த்து, “வேற எங்கங்க டீச்சர் போடறது?” என்று கேட்டார்.

நமக்கு விடை தோன்றவில்லை. கிணற்றுயிரைக் கிணற்றுக்கே திருப்பித் தந்த கைகள், புட்டிகளை அவை வந்த இடத்துக்குத் திருப்பித் தர வழியறியாமல் நின்றன.

எறிந்தவர் யார்?

அக்குப்பையை நாம் எறியவில்லை, அவரே எறிந்தார் என்று சொல்லி ஆறுதலடைய நம் அறநூல்கள் இடந்தருவதில்லை. செய்தல், செய்வித்தல், செய்தாரை உடன்படுதல் என வினை மூவகைப்படும். மனம், மொழி, மெய் என்னும் மூன்றோடும் அவற்றை உறழ ஒன்பதாகும். ஆகவே, கையால் எறியாதவருக்கும் எறிவித்ததில் பங்குண்டு; எறிதல் கண்டும் வாளாவிருந்தவருக்கும் உடன்பட்டதில் பங்குண்டு. உயிர்க்கு ஊறு நேர்வதற்குக் கொடுமையான எண்ணம் இருந்தாக வேண்டும் என்பதில்லை. பிரமாதம் என்னும் கருத்தின்மையே போதும் என்பது நம் ஆசாரியர்கள் கண்ட நுட்பம்.

உலக அளவில் இவ்வினாவை எழுப்பினால், விடைகள் நம் வீட்டு விடையை ஒத்தே இருக்கின்றன. உற்பத்தி செய்பவர், ‘நாங்கள் விற்றோமேயன்றி எறியவில்லை’ என்கிறார். வாங்குபவர், ‘வேறு வகையில் கிடைக்கவில்லை’ என்கிறார். கப்பலுக்கு உரியவர், ‘விபத்து’ என்கிறார். பொருளாதாரக் கூட்டுறவு வளர்ச்சி அமைப்பின் கணக்குப்படி 2019இல் உலகில் 46 கோடி டன் பிளாஸ்டிக் பயன்படுத்தப்பட்டது. 1950இல் உலக உற்பத்தி ஏறத்தாழ 20 லட்சம் டன்னே. கழிவாகும் பிளாஸ்டிக்கில் நூற்றுக்கு ஒன்பது பங்கே மறுசுழற்சிக்கு உள்ளாகிறது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் டன் கடலைச் சேர்கிறது என்று ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் மதிப்பிடுகிறது. எறிந்தவர் என்று ஒருவரும் ஒப்புக்கொள்ளாத குப்பை இது.

உலகச் சட்டங்கள்

கடலைக் காக்கச் சட்டமே இல்லை என்று கூறல் பொருந்தாது. கப்பல்களால் நேரும் மாசைத் தடுக்க 1973இலும் 1978இலும் வகுக்கப்பட்ட மார்போல் உடன்படிக்கையின் ஐந்தாம் இணைப்பு, கப்பலிலிருந்து எவ்வகைப் பிளாஸ்டிக்கையும் கடலில் எறியலாகாது என்று விதிக்கிறது. அது 1988 டிசம்பர் 31 முதல் நடப்பில் உள்ளது. 1982இல் ஐக்கிய நாடுகள் அவை உருவாக்கி 1994இல் நடைமுறைக்கு வந்த கடற்சட்ட உடன்படிக்கை, கடற்சூழலைப் பேணிக் காப்பது எல்லா நாடுகளின் கடமை என்கிறது. நிலத்திலிருந்து கடலுக்குச் செல்லும் மாசைத் தடுக்கச் சட்டமியற்ற வேண்டும் என்றும் அது பணிக்கிறது. 2021 முதல் நடப்பிலுள்ள பேசல் உடன்படிக்கைத் திருத்தங்களின்படி, தரம் பிரிக்கப்படாத பிளாஸ்டிக் கழிவை ஒரு நாடு மற்றொரு நாட்டுக்கு அனுப்புமுன், பெறும் நாட்டின் இசைவைப் பெற்றாக வேண்டும்.

கொலைக்கருவியைப் பிறர்க்கு வழங்குதலை ஹிம்சாதானம் என்று கூறி, இல்லறத்தார் விலக்க வேண்டிய வீண் தீவினைகளுள் ஒன்றாக நம் நூல்கள் வைத்துள்ளன. செல்வ நாடுகள் தம் குப்பையை ஏழை நாடுகளின் துறைமுகங்களில் இறக்கியதும் அவ்வகையினதே. பேசல் திருத்தம் அதற்கு ஓர் அணை.

எனினும், கப்பலிலிருந்து எறிவதற்குத் தெளிவான தடை இருப்பதுபோல, ஆற்றின் வழியே கடலைச் சேரும் பிளாஸ்டிக்குக்கு உலகம் முழுவதையும் பிணிக்கும் தெளிவான விதி இல்லை. கடற்சட்டம் கடமையைக் கூறுகிறது. அளவையும் காலத்தையும் கூறவில்லை. நம் வாய்க்கால் ஓரத்துப் புட்டி இந்த இடைவெளியின் வழியேதான் கடலுக்குப் போகிறது.

கப்பல்களைப் பற்றிய சட்டமும் ஓட்டையில்லாதது அன்று. 2021 மே மாதம் கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் ‘எக்ஸ்பிரஸ் பேர்ல்’ என்னும் கப்பல் தீப்பற்றி, ஜூன் மாதம் மூழ்கியது. பிளாஸ்டிக் பண்டங்கள் செய்வதற்கு மூலப்பொருளான சிறு மணிகள் அதில் ஏறத்தாழ 1,680 டன் இருந்தன. அவை இலங்கையின் மேற்குக் கரையில் பனிபோலக் குவிந்தன. கடலாமைகளும் ஓங்கில்களும் திமிங்கிலங்களும் இறந்து ஒதுங்கின. மீனவர் கடலுக்குச் செல்ல இயலாது பட்டினி கிடந்தனர். நான்காண்டுகள் கழித்து, 2025 ஜூலையில், இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டாலர் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அதே 2025 மே மாதத்தில் ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ என்னும் கப்பல் கொச்சிக்கு அப்பால் மூழ்கியது. அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் கேரளக் கரையோடு நில்லாமல் கன்னியாகுமரிக் கரையிலும் தனுஷ்கோடியிலும் வந்து ஒதுங்கின. கையில் அள்ளினால் பச்சரிசிக் குறுணையோ என்று மயங்கத்தக்க மணிகள் அவை. நாம் மயங்குவதுபோல மீனும் பறவையும் மயங்குகின்றன. நாம் உண்பதில்லை, அவை உண்கின்றன. ஆமை பிளாஸ்டிக் பையைச் சொறிமீன் என்று எண்ணி விழுங்குவதும் அத்தகையதே.

நாடுகளின் பேச்சு

இந்நிலையில் 2022 மார்ச் 2ஆம் நாள் நைரோபி நகரில் கூடிய ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் பேரவை, பிளாஸ்டிக் மாசுக்கு முடிவு கட்டும் உலக உடன்படிக்கை ஒன்றை 2024 முடிவதற்குள் உருவாக்க வேண்டும் என்று தீர்மானித்தது. கடல் மாசையும் உள்ளடக்கி, உற்பத்தி முதல் கழிவு வரை பொருளின் முழு வாழ்வையும் அது கருத வேண்டும் எனவும் முடிவாயிற்று. உருகுவே, பாரிஸ், நைரோபி, ஒட்டாவா, புசான் என ஐந்து இடங்களில் நாடுகள் கூடின. பாரிஸ் கூட்டத்தில் முதல் இரண்டு நாள்கள், முடிவுகளை எம்முறையில் எடுப்பது என்னும் வாதத்திலேயே கழிந்தன. 2024 டிசம்பரில் புசான் கூட்டம் முடிவின்றிக் கலைந்தது. 2025 ஆகஸ்டில் ஜெனிவாவில் 180க்கும் மேற்பட்ட நாடுகள் மீண்டும் கூடி, குறித்த நாளுக்கு மேலும் ஒரு நாள் இருந்து பேசி, உடன்பாடு காணாமல் எழுந்தன.

முடிச்சுகள் பல. அவற்றுள் தலையாயவை இரண்டு. புதிதாகச் செய்யும் பிளாஸ்டிக்கின் அளவுக்கு உலகம் ஒரு வரையறை வகுப்பதா, அன்றிக் கழிவைச் சீராகக் கையாளுவதோடு நிற்பதா என்பது ஒன்று. எல்லா நாடுகளும் உடன்பட்டால்தான் முடிவா, அன்றிப் பெரும்பான்மை வாக்கே போதுமா என்பது மற்றொன்று. நார்வேயும் ருவாண்டாவும் தலைமை தாங்கும் நாடுகளின் அணியும் பல சிறு தீவு நாடுகளும் வரையறை வேண்டும் என்கின்றன. புசானில் பனாமா முன்வைத்த அத்தகைய முன்மொழிவை நூறுக்கும் மேற்பட்ட நாடுகள் ஆதரித்தன. எண்ணெய் வளமுடைய நாடுகள் பலவும் அவற்றோடு ஒத்த கருத்துடைய நாடுகளும் கழிவோடு நின்றால் போதும் என்கின்றன.

நம் இந்திய நாடு இரண்டாம் அணியின் கருத்துக்கு அண்மையில் நிற்கிறது. உற்பத்தி வரையறை வளர்ச்சி உரிமையைத் தடுக்கும், முடிவுகள் ஒருமித்த இசைவால் ஆதல் வேண்டும், ஏழை நாடுகளுக்குத் தனி நிதியும் தொழில்நுட்பமும் வழங்கப்பட வேண்டும் என்பன நம் நாட்டின் வாதங்கள்.

இவற்றைப் பொருளற்றவை என்று ஒதுக்குதல் அநேகாந்தம் கற்ற நமக்கு அழகன்று. ஒவ்வொரு கூற்றும் ஒரு நோக்கில் உண்மையுடையது. நூறாண்டுக் காலம் தடையின்றிச் செய்து, விற்று, எறிந்து செல்வம் சேர்த்த நாடுகள், இப்போது வளரத் தொடங்கிய நாட்டைப் பார்த்து ‘நில்’ என்பது நீதியாகாது. மருத்துவமனை ஊசியும் குடிநீர்க் குழாயும் பிளாஸ்டிக்கே. நாட்கூலிக்காரர் ஒரு வேளைக்குரிய எண்ணெயைச் சிறு பையில் வாங்குவது ஆசையால் அன்று. மொத்தமாக வாங்கக் காசில்லாமையால். நைலான் வலை மலிவு என்பதால்தான் சிறு மீனவர் அதனைக் கைக்கொண்டார். இத்தகையோரை மறந்து வகுக்கும் சட்டம் அறமாகாது.

எனினும் அநேகாந்தம் என்பது முடிவு கூறாமல் நழுவும் வழியும் அன்று. எல்லா நோக்குகளையும் கண்டபின், உயிர்க்கு ஊறு குறைவது எது என்று தேர்வதற்கே அந்நெறி.

ஐந்தாம் சமிதியும் பொருள் வரைதலும்

முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளை நம் சிறார்க்குக் கற்பிக்கிறோம். நடத்தல், பேசுதல், உணவு கொள்ளுதல், பொருளை எடுத்தல் வைத்தல் ஆகிய நான்கிலும் விழிப்போடிருத்தல் முதல் நான்கு சமிதிகள். ஐந்தாவது உத்சர்க்க சமிதி. விலக்க வேண்டியதை உயிர்களில்லா இடம் பார்த்து விலக்குதல் அது. கழிவை எங்கே, எவ்வாறு விடுவது என்பதனை ஒரு தவ ஒழுக்கமாகவே வைத்தார்கள் நம் முன்னோர். ஜெனிவாவில் ஓர் அணியார் கழிவைக் கையாளும் விதிகளே போதும் என்றபோது, அறியாமலே ஐந்தாம் சமிதியைப் பேசினார்கள்.

ஆனால் அச்சமிதியைக் குறைவறக் காத்தவர் யார்? மயிற்பீலியும் கமண்டலமும் சுவடியும் அன்றி வேறொன்றும் கொள்ளாத முனிவர். கொள்வது அத்துணைச் சிறிது ஆதலால் விடுவதை அத்துணைக் கவனமாக விட அவரால் இயன்றது. ஆண்டுக்கு 46 கோடி டன் கொள்பவர் ஒவ்வொன்றையும் இடம் பார்த்து விட இயலுமா? வரம்பின்றிக் கொண்டவருக்கு விடுவதில் விழிப்பு அமையாது. ஆகவேதான் இல்லறத்தாருக்கு ஐந்தாம் அணுவிரதமாகப் பொருள் வரைதலை வைத்தனர். நிலம், வீடு, பொன், தானியம், பாத்திரம் என ஒவ்வொன்றிலும் ‘இவ்வளவே எனக்குப் போதும்’ என்று முன்னரே எல்லை கட்டிக்கொள்ளுதல் அது. எல்லையைக் கடப்பது அதிசாரம். கொள்ளும்போதே வரைந்துகொள்பவர்க்கு விடுவது இலேசாகும். உலக நாடுகளின் முதல் முடிச்சுக்கு நம் நெறி தரும் விடை இதுவே.

‘விரதம் என்பது தானே விரும்பி ஏற்பது. ஒருவர் விரதத்தைப் பிறர்மேல் சுமத்தலாமா? நாடுகளின் இசைவின்றி வரையறை விதிப்பது முறையா?’ என்று கேட்கலாம். நல்ல கேள்வியே. இதற்கு விடையை நம் காவிரியே கற்பித்தது. மாநிலங்கள் பலகாலம் தம்முள் பேசின. ஒவ்வொருவர் இசைவையும் எதிர்பார்த்து நடந்த பேச்சுகளால் கடைமடைக்கு ஒரு குவளை நீரும் உறுதியாகவில்லை. 1990இல் நடுவர் மன்றம் அமைந்து, 2007இல் இறுதித் தீர்ப்பு வந்து, 2018இல் உச்ச நீதிமன்றம் அதனைத் திருத்தி நிலைநாட்டிய பின்னரே, இவ்வளவு நீர் உரியது என்னும் அளவு பிறந்தது. அவ்வளவில் குறை கூறுவோர் எல்லாப் பக்கத்திலும் உண்டு. ஆயினும் பொதுவான ஒன்றில் அளவு இருத்தல் வேண்டும் என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. தன் வீட்டுப் பொருளில் வரையறை தன் விருப்பம். எல்லார்க்கும் உரிய ஆற்றிலும் கடலிலும் வரையறை எல்லார்மேலும் உள்ள கடன். மேல்மடையாரின் இசைவுக்காகக் கீழ்மடை முடிவின்றிக் காத்திருப்பது நீதியன்று. கடலில் ஆவுளியாவும் ஆமையும் கடைமடையிலும் கடைமடை. அவற்றுக்கு அவையில் இருக்கையும் இல்லை.

எளியவருக்கு நீதி என்னும் நம் நாட்டின் வாதத்துக்கும் பொருள் வரைதல் இடந்தருகிறது. அவ்விரதத்தின் எல்லை எல்லார்க்கும் ஒன்றன்று. வணிகர் தம் நிலைக்கேற்பவும் உழவர் தம் நிலைக்கேற்பவும் கட்டிக்கொள்வர். பெருஞ்செல்வர் மிகுதியாகக் குறைக்க வேண்டும். இல்லாதவர் குறைக்க ஏதுமிராது. 1992இல் ரியோ மாநாடு கூறிய, பொறுப்பு பொது, ஆயினும் அளவில் வேறுபட்டது என்னும் கோட்பாடும் இதனையே உணர்த்துகிறது. ஆகவே நிதியும் தொழில்நுட்பமும் கோருவதில் நம் நாடு பின்வாங்க வேண்டியதில்லை. அக்கோரிக்கையை வரையறைக்கு எதிராக நிறுத்த வேண்டியதுமில்லை என்பதே நம் பணிவான கருத்து. அபரிக்கிரகத்தை உலகுக்கு எடுத்துரைத்த மகாவீரர் பிறந்த நாடு, வரையறை என்னும் சொல்லை அவையில் முதலில் கூறும் நாடாக இருத்தல் பொருந்தும்.

நம் கணக்கேடு

பிறரை வரைந்துகொள்ளச் சொல்லுமுன் நம்மை வரைந்துகொள்ள வேண்டும் அன்றோ? துப்புரவு செய்பவரின் கேள்வி நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தமையால், தசலட்சண பர்வத்தின்போது ஒரு கணக்கெடுத்தோம். ஒரு வாரத்தில் நம் இல்லத்தினின்று வெளியேறிய பிளாஸ்டிக் ஒவ்வொன்றையும் பழைய வருகைப் பதிவேட்டைப்போலக் கோடிட்டு எழுதினோம். இருவர் வாழும் வீட்டில் அறுபத்தொன்று. நம்மால் நம்ப இயலவில்லை. மறுபடியும் எண்ணினோம். அறுபத்தொன்றே.

பின்னர் ஓர் எல்லை கட்டிக்கொண்டோம். மஞ்சள் பை மீண்டும் கைக்கு வந்தது. எண்ணெய்க்குத் தூக்கு கொண்டு சென்றோம். பருப்பும் அரிசியும் காகிதப் பொட்டலத்திலும் துணிப் பையிலும் வந்தன. தென்னை சூழ்ந்த பேராவூரணியில் நைலான் கயிற்றில் துணி உலர்த்தியது வெட்கமாகப் பட்டது. கொடிக்குத் தேங்காய் நார்க்கயிறு கட்டினோம். மாதங்கள் சில சென்றபின் எண்ணிக்கை இருபத்து மூன்றாயிற்று. அதற்குக் கீழே இறங்கவில்லை. எவ்வளவு முயன்றும் இறங்கவில்லை.

எஞ்சிய இருபத்து மூன்று யாவை? பால் உறைகள், இம்முதுமையில் தவிர்க்கவியலா மாத்திரை அட்டைகள், அஞ்சலில் வரும் நூல்களைச் சுற்றிய உறைகள், இவை போல்வன. இவற்றைச் செய்பவர் வேறு முறையில் செய்தாலன்றி, நம் விரதத்தால் ஒன்றும் ஆகாது. இதனால் ஓர் உண்மை புலனாயிற்று. அறுபத்தொன்றில் முப்பத்தெட்டு நம் பிரமாதத்தின் விளைவு. அதற்கு விரதமே மருந்து. எஞ்சிய இருபத்து மூன்றுக்குச் சட்டமே மருந்து. விரதம் போதும் என்பவர் இருபத்து மூன்றை மறக்கிறார். சட்டம் வரட்டும் என்று காத்திருப்பவர் முப்பத்தெட்டை மறைக்கிறார்.

தமிழ்நாட்டில் 2019 சனவரி முதல் நாளில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பதினான்கு வகைப் பிளாஸ்டிக் பொருள்கள் தடை செய்யப்பட்டன. 2022 சூலையில் நாடு முழுவதும் அத்தகைய பொருள்கள் பலவற்றுக்குத் தடை வந்தது. அவ்வாறிருந்தும் அவை கடைகளில் கிடைப்பதை நாம் அறிவோம். கேட்பவர் இருப்பதால் கிடைக்கிறது. உடன்படுதலும் வினையே என்பதை இங்கு மறத்தலாகாது.

ஆகவே நம் இல்லத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வரும் பர்வ நாள்களில் ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். சிறுவரிடம் குறிப்பேட்டைக் கொடுங்கள். அவர்கள் நம்மைவிடப் பிழையின்றி எண்ணுவர். எண்ணியபின் அவரவர் நிலைக்கேற்ப எல்லை கட்டுங்கள். ஜினாலய விழாக்களிலும் திருமணப் பந்திகளிலும் பித்தளை, எவர்சில்வர் குவளைகளே போதும் என்று ஊர்தோறும் முடிவெடுங்கள். எஞ்சும் எண்ணிக்கையை நம் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதத்தில் எழுதுங்கள். ‘எங்கள் பங்கைக் குறைத்துவிட்டோம், எங்களால் குறைக்க இயலாதது இது’ என்று கூறும் கடிதத்தில் ஓர் உரிமை இருக்கும்.

முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். உயிர்க்கொலைக்கு அஞ்சிப் பிளாஸ்டிக்கை ஏற்ற நம் பெரியோர்க்கு அறியாமையே இருந்தது, பிரமாதம் இல்லை. தோற்செருப்பை விலக்கிய அவர்தம் கருணை இன்றும் போற்றத்தக்கதே. ஆமையின் வயிற்றில் பை இருப்பதை அறிந்த பின்னரும் நாம் அதே பையைக் கேட்டு வாங்கினால், அஃது அறியாமை ஆகாது. அறிந்த நாளிலிருந்தே நம் கணக்குத் தொடங்குகிறது. அவர்கள் அன்று தோலை விலக்கியது எந்த நெஞ்சினாலோ, அந்த நெஞ்சினாலேயே நாம் இன்று இதனை வரைந்துகொள்ள வேண்டும்.

சென்ற ஆண்டு நம் இல்லத்தில் மீண்டும் ஒரு சிறு நிகழ்ச்சி. பந்தியில் எவர்சில்வர் குவளை வைத்தோம். மறுநாள் அதே துப்புரவாளர் வந்தார். எச்சில் இலைகள் எருக்குழிக்குச் சென்றன. பால் உறைகள் மட்டும் ஒரு பையில் கழுவிக் கட்டப்பட்டிருந்தன. அதனைத் தூக்கிப் பார்த்து, “இதை என்னங்க டீச்சர் பண்றது?” என்று கேட்டார். பழைய கேள்விதான். பை மட்டும் சிறிதாகியிருந்தது. அதற்குரிய விடையைத் தர வேண்டியவர்கள் உலகப் பேரவையில் இருக்கிறார்கள். அவர்கள் விடை தரும்வரை அப்பையை வாய்க்கால் ஓரத்துக்கு அனுப்பாமல், நம் வீட்டுத் திண்ணையின் மூலையிலேயே வைத்திருக்கிறோம்.